விதானையாருக்கும் களைக்கும்

கேள்வி:

எனக்கு 41 வயது. யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு பிரிவின் கிராம அலுவலராக, சனம் சொல்வதுபோல விதானையாராக, இருக்கிறேன். பக்கத்துப் பிரிவுக்கு ஆள் இல்லாததால் இரண்டு வருடமாக அதற்கும் நான்தான் பதில் கடமை. கணவருக்குக் கொழும்பில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் நீரிழிவுக்காரியான அம்மாவும் என்னோடு. முந்தி சனம் வீடு தேடி வந்தால் சந்தோஷமாக இருக்கும். இப்போது படலை திறக்கும் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணப் பட்டியலில் பெயர் இல்லையென்று கேட்க வந்த ஒரு வயதான அம்மாவைப் போன மாதம் கத்தி அனுப்பிவிட்டேன். ஒரு வதிவிடச் சான்றிதழில் அடையாள அட்டை இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டேன். பதினைந்து வருடச் சேவையில் இப்படி நடந்ததில்லை. நித்திரை சரியில்லை. தலையிடிக்குத் தினமும் பனடோல் போடுகிறேன். சில நாள் விடிய எழும்பாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. இணையத்தில் ஒரு கேள்விக்கொத்தை நிரப்பினேன், 'கடுமையான பேர்ன்அவுட்', அதாவது வேலையால் எரிந்து ஓய்ந்துபோன நிலை, என்று வந்தது. வீட்டிலோ, "அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவைக்கு என்ன களைப்பு" என்கிறார்கள். எனக்கு இருப்பது பேர்ன்அவுட்டா, மனச்சோர்வா, இல்லை வெறும் சோம்பலா? வேலையை விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருமுன், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைப் பற்றிக் கதைக்க வேண்டும். 'விடிய எழும்பாமலே போனால் நல்லது' என்ற வரி. மிகவும் களைத்துப் போனவர்கள் பலருக்கு இந்த எண்ணம் வருவதுண்டு. சாக வேண்டும் என்பதைவிட, எல்லாம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் பல நேரம் அப்படி வெளிப்படுகிறது. ஆனாலும் ஒரு மருத்துவராக நான் இதை ஊகத்தில் விட்டுவிட மாட்டேன். எனக்கு முன்னால் நீங்கள் இருந்திருந்தால் நேரடியாகவே கேட்டிருப்பேன். அந்த எண்ணம் இன்னும் ஒரு படி போயிருக்கிறதா? எப்படிச் சாவது என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கென்று எதையாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் பலருக்கு மூச்சு வருகிறது.

இவற்றில் ஒன்றுக்காவது 'ஓம்' என்று பதில் வந்தால், மிச்சக் கடிதத்தைப் பிறகு வாசியுங்கள். இன்றைக்கே கணவருக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ சொல்லுங்கள். அவரோடு வைத்தியசாலைக்குப் போங்கள், அவசர சிகிச்சைப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டில் தோட்டத்துக்கு வாங்கிய கிருமிநாசினியோ, அம்மாவின் மருந்துகளோ இருந்தால் வேறொருவரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 'இல்லை, அந்த எண்ணம் மட்டும்தான்' என்றாலும் இந்தக் கிழமைக்குள் ஒரு வைத்தியரைப் பார்த்துவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டம் முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

சரி, இனி சோம்பலைப் பற்றி. பதினைந்து வருடத்தில் ஒரு இலக்கம் பிழைத்ததை மனதில் வைத்துக்கொண்டு வேதனைப்படுகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. சோம்பல் என்றால் செய்ய ஏலும், செய்ய விருப்பமில்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தது, இன்னும் இருக்கிறது. செய்ய ஏலாமல் போய்விட்டது. பேர்ன்அவுட் என்ற பெயரை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்த ஹேர்பேட் புரொய்டன்பேர்கர் 1974இல் எழுதியதும் இப்படியானவர்களைப் பற்றித்தான். நியூயோர்க்கில் ஒரு இலவச சிகிச்சை நிலையத்தில் மனமுவந்து வேலை செய்யவந்த இளைஞர்களில், அதிகம் அக்கறையோடு இறங்கியவர்களே முதலில் ஓய்ந்து போவதை அவர் கண்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய் வகைப்பாட்டில் பேர்ன்அவுட்டுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வேலையிடத்தில் நெடுநாள் நீடித்து, தக்கபடி சமாளிக்கப்படாத அழுத்தத்தின் விளைவு என்கிறது அது. அதை ஒரு நோயாகவும் அது சேர்க்கவில்லை. வேலையோடு சேர்ந்து வரும் ஒரு நிலையாகவே வைத்திருக்கிறது. மூன்று அறிகுறிகளைச் சொல்கிறது: சக்தி முழுக்க வடிந்துபோன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போ அவநம்பிக்கையோ வளர்வது, செய்கிற வேலையில் திறன் குறைவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. வீட்டில் நம்ப மறுக்கும் களைப்பு, படலைச் சத்தத்துக்கு வரும் எரிச்சல், பிழையாக எழுதிய இலக்கம்.

இந்த மூன்றில் இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்களை அதிகம் வதைப்பது அதுதான். களைப்பை வெளியில் சொல்லலாம். 'எனக்குச் சனத்தைக் கண்டால் பிடிக்கவில்லை' என்று ஒரு விதானையார் யாரிடம் சொல்வார்? தாதியர், ஆசிரியர்கள், பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர்கள் என்று என்னிடம் வரும் பலர் முதலில் 'நாரி நோ, நெஞ்சு பாரம், தலை விறைக்குது' என்றுதான் தொடங்குவார்கள். மூன்றாவது தடவை வரும்போதுதான் 'டொக்டர், நான் கல்நெஞ்சுக்காரியாகிவிட்டேன்' என்று அழுவார்கள். அவர்கள் யாரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. நாள் முழுக்க மற்றவர்களின் துன்பத்தைக் கேட்டு, அதைத் தீர்க்க வழியில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்போது, மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கதவைச் சாத்துகிறது. அந்தக் கதவு கெட்ட சனத்துக்கு மட்டும் சாத்தப்படுவதில்லை. வயதான அம்மாவுக்கும் சாத்தப்படும், சில வேளை சொந்தப் பிள்ளைகளுக்கும். அந்த அம்மாவிடம் நீங்கள் நடந்துகொண்டது பிழை. முடிந்தால் ஒரு நாள் போய்க் கதைத்துவிட்டு வாருங்கள், உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அதை வைத்து உங்கள் குணத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். என் பார்வையில் அது ஒரு அறிகுறி.

வேலை கூடிய ஒரு காலத்தில் எல்லோரும் களைப்பார்கள். மாரி மழையில் வெள்ளம் வந்து, பாடசாலையில் சனத்தைத் தங்கவைத்து, நிவாரணப் பட்டியல் எழுதி முடிக்கும்வரை எந்தக் கிராம அலுவலருக்கும் நித்திரை கிடையாது. அது முடிந்து இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்தால் உடம்பு திரும்பிவிட்டதென்றால், அது சாதாரண அழுத்தம். அந்த நேரத்திலும் 'இதை முடித்துவிட்டால் சரி' என்ற எண்ணம் உள்ளே இருக்கும். பேர்ன்அவுட்டில் அந்த எண்ணமே போய்விடுகிறது. முடித்தாலும் என்ன, முடிக்காவிட்டாலும் என்ன. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தாலும், அடுத்த நாள் விடிய அதே பாரம். எனவே நீங்கள் உங்களைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓய்வு கிடைத்தால் நான் திரும்புகிறேனா என்பது. கடைசியாக எப்போது முழுதாகத் திரும்பியதாக உணர்ந்தீர்கள்? அது எந்த மாதம்? பதில் கடமை தொடங்குவதற்கு முன்னா, பின்னா?

இனி மனச்சோர்வு நோய். இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்துக் காட்ட ஏலாது. ஒன்று மற்றதற்குள் வழுகிப் போகும். ஆனாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. பேர்ன்அவுட் வேலையைச் சுற்றித்தான் தொடங்குகிறது. வேலை நினைவு இல்லாத நேரத்தில் மனம் கொஞ்சம் விரியும். பிள்ளை சொன்ன பகிடிக்குச் சிரிப்பு வரும், கூழ் காய்ச்சினால் ருசி தெரியும். மனச்சோர்வு நோயில் அந்த இடங்களும் வெறுமையாகிவிடும். வேலை, வீடு, கோயில், சாப்பாடு எல்லாம் ஒரே சாம்பல். அதோடு 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற குற்ற உணர்வு, விடிய மூன்று நான்கு மணிக்கே விழித்துவிடுவது, பசி மாறுவது, யோசனையும் நடையும் மெதுவாவது, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் பல சேர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் இருந்தால், அதை நோயாகவே எடுத்துச் சிகிச்சை தொடங்குவோம். உங்கள் கடிதத்தில் சாவு எண்ணமும் நித்திரைக் குழப்பமும் இருப்பதால், 'இது வெறும் பேர்ன்அவுட், மருந்து தேவையில்லை' என்று நான் தூரத்தில் இருந்து சொல்ல மாட்டேன்.

இதற்கு வைத்தியர்கள் பாவிக்கும் ஒரு எளிய கேள்விக்கொத்து உண்டு. பி.எச்.கியூ-9 என்பார்கள். கடந்த இரண்டு கிழமையைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தப் புள்ளி 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியர் வடிவாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. அதற்கு மட்டும் மொத்தப் புள்ளியைப் பார்ப்பதில்லை. அங்கே சைபருக்கு மேல் எது வந்தாலும் வைத்தியர் உங்களோடு இருந்து கதைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொன்றையும் பார்க்காமல் விடக் கூடாது. 41 வயது என்றால், யுத்தம் முடிந்த 2009இல் உங்களுக்கு இருபதுகளின் நடு. இடப்பெயர்வும் செல்லடியும் உங்களுக்குக் கேட்ட கதைகள் இல்லை. அதற்கு மேல், காணாமல் போனவர்களின் தாய்மாரும் வீடிழந்தவர்களும் முதலில் தட்டும் படலை கிராம அலுவலரின் படலைதான். அவர்களின் கதையைக் கேட்டு எழுதும்போது உங்கள் சொந்தக் கதை உள்ளே கிளறுப்படலாம். பழைய காட்சிகள் கேளாமலே கண்முன் வருகின்றனவா, கெட்ட கனவில் திடுக்கிட்டு எழும்புகிறீர்களா, வெடிச் சத்தத்துக்கு உடம்பு பதறுகிறதா, சில இடங்களையும் சில ஆட்களையும் தவிர்க்கிறீர்களா? அப்படியென்றால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை வேறு. லீவு எடுத்தால் தீராது.

உடம்பையும் சோதித்துவிட வேண்டும். உங்கள் வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகும் பெண்களுக்கு இரத்தச்சோகை வந்து, படியேறவே மூச்சு வாங்கும். தைரொயிட் குறைந்தாலும் அலுப்பு, மறதி, மனம் மந்தமாவது எல்லாம் வரும். அம்மாவுக்கு நீரிழிவு என்பதால் உங்களுக்கும் சீனி பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சாதாரண இரத்தப் பரிசோதனைகள்தான், அரச வைத்தியசாலையிலேயே செய்யலாம். நித்திரையில் பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பதாக வீட்டில் சொன்னால் அதையும் சொல்லுங்கள். பிறகு அந்தப் பனடோல். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடிக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு, மாதக்கணக்கில் போகப் போக, அந்த மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும். தினமும் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எப்படிக் குறைப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். நித்திரைக்கு என்று பாமசியில் நீங்களாக ஒன்றையும் வாங்கிப் போட வேண்டாம். டயசிபாம் போன்ற மாத்திரைகள் சில கிழமையிலேயே பழக்கமாகிவிடும்.

நீங்கள் நிரப்பிய இணையக் கேள்விக்கொத்து எது என்று தெரியாது. ஆனால் அப்படியானவற்றில் பல, கிறிஸ்ரினா மஸ்லாக்கும் சூசன் ஜக்சனும் 1981இல் வெளியிட்ட அளவையிலிருந்து இரவல் வாங்கியவை. அதில் 22 வாக்கியங்கள். ஒன்பது உணர்வுக் களைப்பைப் பற்றியவை, ஐந்து மனிதர்களிடமிருந்து மனம் விலகுவதைப் பற்றியவை, எட்டு சாதித்த உணர்வைப் பற்றியவை. மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். கடைசி எட்டில் புள்ளி கூடினால் அது நல்லது. எனவே எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி 'கடுமையானது' என்று சிவப்பெழுத்தில் காட்டும் பக்கத்தை நம்ப வேண்டாம். அந்த அளவை ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்டது. ஒருவரைப் பிடித்து உனக்கு இந்த நோய் என்று சொல்லச் செய்யப்பட்டதல்ல.

உங்களுக்கு அதைவிட உதவக்கூடியது 2005இல் டென்மார்க்கில் வெளியான கொப்பன்ஹேகன் அளவை என்பது என் அபிப்பிராயம். 19 கேள்விகளை அது மூன்றாகப் பிரிக்கிறது: பொதுவாக ஒருவருக்கு உள்ள களைப்பு, வேலையால் வரும் களைப்பு, வேலையில் சந்திக்கும் மனிதர்களால் வரும் களைப்பு. புள்ளியே போடாமல், அந்தப் பிரிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் களைப்பில் அம்மாவின் மருந்து, பிள்ளைகளின் ரியூசன், தனியாக வீடு நடத்துவது எவ்வளவு? படிவங்களும் இரண்டாவது பிரிவும் எவ்வளவு? படலையில் வந்து நிற்கும் சனத்தின் கண்ணீரும் கோபமும் எவ்வளவு? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரியும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். கடிதம் முழுக்க நீங்கள் உங்களைத்தான் விசாரணைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். எனக்கு என்ன நோய், எனக்கு என்ன குறை, நான் சோம்பேறியா. பேர்ன்அவுட்டை மதிப்பிடும்போது ஆளைப் பார்க்கிற அளவுக்கு வேலையையும் பார்க்க வேண்டும். உங்கள் வேலையை யாராவது மதிப்பிட்டார்களா? ஒரு பிரிவுக்கென்று வைத்த பதவியில் இரண்டு பிரிவைப் பார்க்கிறீர்கள், அதுவும் இரண்டு வருடமாக. அந்த ஒழுங்கு எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

மஸ்லாக்கும் மைக்கல் லைற்றரும் ஒரு வேலை ஆளை எரிக்கிறதா என்று பார்க்க ஆறு இடங்களைக் காட்டினார்கள். வேலைப்பளு, அந்த வேலையில் உங்களுக்குள்ள அதிகாரம், கிடைக்கும் பலனும் மதிப்பும், கூட வேலை செய்பவர்களோடு உள்ள உறவு, நியாயம், உங்கள் மனச்சாட்சியோடு வேலை ஒத்துப்போவது. பளுவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டால், உங்களை அதிகம் எரிப்பது இரண்டாவது. அஸ்வெசும பட்டியலில் யாருடைய பெயர் வர வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. புள்ளிகளும் முடிவும் வேறெங்கோ. ஆனால் பெயர் வராதவர் கொழும்புக்குப் போய்க் கேட்க முடியாது, உங்கள் படலைக்குத்தான் வருவார். முடிவு எடுக்கும் அதிகாரம் இல்லை, முடிவுக்குப் பதில் சொல்லும் கடமை மட்டும் இருக்கிறது. 1979இலேயே ரொபேட் கரசெக் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டினார்: கேட்கப்படுவது அதிகம், கையில் உள்ள அதிகாரம் குறைவு என்ற வேலைகள்தான் மனிதரை அதிகம் வருத்துகின்றன. அந்த அம்மாவை நீங்கள் கத்தியதற்குப் பின்னால், அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதிலும் இல்லாத இயலாமை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கூட வேலை செய்பவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அது என்னை யோசிக்க வைத்தது. கிராம அலுவலர் தனியாக இருந்து செய்யும் வேலை. வங்கியிலோ வைத்தியசாலை வாட்டிலோ என்றால் பக்கத்து மேசையில் ஒருவர் முகத்தைப் பார்த்து 'என்ன ஒரு மாதிரி இருக்கிறீர்' என்று கேட்பார். உங்களுக்கு அது இல்லை. மாதக் கூட்டத்தில் சந்திக்கும் மற்ற அலுவலர்களில் ஒருவரிடமாவது மனம் விட்டுக் கதைத்துப் பாருங்கள். பதில் கடமை பார்க்கும் மற்றவர்களும் அங்கே இருப்பார்கள்.

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பி வையுங்கள். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். விடிய எழும்பும்போதும் பின்னேரம் வேலை முடியும்போதும் சக்தி பத்துக்கு எத்தனை என்று ஒரு எண். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழித்தீர்கள். அன்றைக்கு அதிகம் எரிச்சல் வந்த ஒரு சம்பவம், கொஞ்சமாவது மனம் இலேசான ஒரு சம்பவம். எந்தப் பிரிவின் வேலைக்கு எவ்வளவு நேரம் போனது. வேலை நேரத்துக்குப் பிறகு வந்த தொலைபேசி, வட்ஸ்அப் எத்தனை. இந்தக் கொப்பியை வைத்தியரிடம் கொண்டுபோனால், 'எனக்கு ஒரே அலுப்பு டொக்டர்' என்று சொல்வதைவிட நூறு மடங்கு பயன்படும். மனம் இலேசான சம்பவம் என்ற இடம் ஒவ்வொரு நாளும் வெறுமையாகவே கிடந்தால், நான் மேலே சொன்ன மனச்சோர்வு நோயின் பக்கம் வைத்தியர் கூடுதலாகப் பார்ப்பார்.

அதே கொப்பி பிரதேச செயலாளரிடம் போகவும் உதவும். சக்தி எண்களைக் காட்ட வேண்டியதில்லை. நேரக் கணக்கைக் காட்டினால் போதும். வாயால் சொல்வது காற்றோடு போய்விடும், எழுத்தில் கொடுங்கள். நிர்வாக கிராம அலுவலருக்கு முதலில் சொல்லிவிட்டு, அவர் ஊடாகவே கொடுப்பது ஒழுங்கு. கடிதத்தில் 'என்னால் ஏலாது, களைத்துவிட்டேன்' என்று எழுதினால் அது உங்கள் தனிப்பட்ட குறையாகப் போய்விடும். 'இரண்டு வருடமாக இரண்டு பிரிவு, கிழமைக்கு இத்தனை மணித்தியாலம், சான்றிதழ்களில் பிழை வரத் தொடங்கியிருக்கிறது, இதனால் மக்களுக்குப் பாதிப்பு' என்று எழுதுங்கள். கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: பதில் கடமை எந்தத் திகதியில் முடியும், அதுவரை அந்தப் பிரிவை வேறு அலுவலர்களோடு மாறி மாறிப் பார்க்கலாமா, அந்தப் பிரிவுச் சனத்தைச் சந்திக்க ஒரு குறிப்பிட்ட நாளை மட்டும் ஒதுக்கலாமா. உயர் அதிகாரி எல்லாவற்றுக்கும் சம்மதிக்கமாட்டார். ஒன்றுக்குச் சம்மதித்தாலும் உங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

லீவு உங்கள் உரிமை. அரச உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. உங்களைப் போன்றவர்கள் அதில் பாதியும் எடுப்பதில்லை என்பது நான் கண்ட அனுபவம், எடுத்ததையும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் அம்மாவின் கிளினிக்குக்கும் செலவழித்துவிடுவார்கள். ஒரு கிழமை தொடர்ந்து எடுங்கள், ஊரில் இருக்காமல் கணவரிடமோ சகோதரரிடமோ போய் இருங்கள். வீட்டில் இருந்தால் படலை திறக்கும். ஆனால் லீவு மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். திரும்பி வரும்போது அதே இரண்டு பிரிவும் காத்திருந்தால் பத்து நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அதனால் கடிதம் முதலில், லீவு பிறகு. தேத்தண்ணியைக் குறைப்பது, பின்னேரம் நடப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, நல்லவை. செய்யுங்கள். இரண்டு ஆளின் வேலையை நடைப்பயிற்சி ஈடுசெய்யாது.

வைத்தியரிடம் போவதில் உங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும் என்று தெரியும், நீங்கள் எழுதாவிட்டாலும். மனநலச் சிகிச்சை கிடைக்கும் இடங்கள் என்பதற்காகவே மந்திகை, தெல்லிப்பழை என்ற ஊர்ப் பெயர்களைக்கூட கேலிக்குப் பாவித்து வளர்ந்த சமூகம் நாங்கள். அதற்கு மேல் உங்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிளினிக் வாங்கில் இருந்தால் உங்கள் பிரிவுச் சனமே பக்கத்தில் வந்து இருக்கும், 'விதானையார் ஏன் இங்கே' என்ற கதை பின்னேரத்துக்குள் ஊருக்குப் போய்விடும். இது சின்னப் பயமில்லை. அதனால் உங்கள் பகுதிக்கு வெளியில் உள்ள ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநல சேவை இருக்கிறது, கட்டணம் இல்லை. சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களில் மருந்தில்லாமல் கதைத்து உதவி பெறலாம். அதுவும் கஷ்டமென்றால் உங்கள் குடும்ப வைத்தியரிடமே தொடங்குங்கள். இரத்தப் பரிசோதனை எடுக்கப் போகிற சாட்டில் மற்றதையும் சொல்லிவிடலாம்.

மனச்சோர்வு நோய் என்று தெரியவந்தால் வைத்தியர் மருந்து தரலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், இரண்டும் செய்யலாம். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமையாவது பிடிக்கும். முதல் கிழமையில் ஒன்றும் தெரியவில்லையென்று நிறுத்த வேண்டாம். அவை நித்திரை மாத்திரை மாதிரி அடிமையாக்குவதும் இல்லை. ஆனால் நிறுத்தும்போது வைத்தியர் சொல்கிறபடி மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும். நோய் இல்லை, பேர்ன்அவுட் மட்டும்தான் என்றால் அதற்கென்று ஒரு குளிசை கிடையாது. வேலையை மாற்றி அமைப்பதும் உடம்புக்கு ஓய்வு கொடுப்பதும் யாரோடாவது ஒழுங்காகக் கதைப்பதும்தான் வைத்தியம்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்', அதாவது எந்த வேலையென்றாலும் அரசாங்கத்தில் செய், என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. நீங்கள் விடப் போகிறேன் என்று வாயெடுத்தாலே வீடு உங்கள் மேல் பாயும். அந்தப் பயத்துக்காக ஆயுள் முழுக்க ஒரு வேலையில் கிடந்து சாகத் தேவையில்லை என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனால் இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். நித்திரை இல்லாமல், சாவு எண்ணத்தோடு இருக்கும் மனம் எல்லாக் கதவையும் பூட்டினதாகவே காட்டும். முதலில் வைத்தியர், பிறகு பிரதேச செயலாளருக்குக் கடிதம், பிறகு லீவு. அதற்குப் பிறகு ஒரு மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். நித்திரை திரும்பி, ஒரே பிரிவு மட்டும் கையில் இருந்தும் படலைச் சத்தம் இதே மாதிரித்தான் நெஞ்சை அடைக்கிறது என்றால், இடமாற்றத்துக்கோ அரச சேவைக்குள்ளேயே வேறு பதவிக்கோ விண்ணப்பிப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் குறைகிறது, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணவரோடு இருந்து கணக்குப் பாருங்கள். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இந்தக் கடிதத்தையும் கொப்பியையும் அவரிடம் வாசிக்கக் கொடுக்கலாம். ஆனால் 'விடிய எழும்பாமல்' என்ற அந்த வரியை மட்டும் அவர் வரும்வரை வைத்திருக்காமல் இன்று இரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.